மாதம் 11½ பவுண்டு

நடுவர் ஐயா அவர்களே, இரு அணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்கு எட்டு நிமிடம்தான். நேரே வருகிறேன்.

ஒடுக்கப்பட்ட சமூகத்தைக் கைதூக்கி விடுவது கல்வி உதவித்தொகையா, சுயதொழில் கடனா? நான் உதவித்தொகை அணி. எதிரணி அண்ணன் கறவை மாட்டுக் கடன், ஆட்டோ கடன் பற்றியெல்லாம் அழகாகப் பேசினார். வாங்கிய மாடு மூன்றாம் மாதம் மடிநோயில் விழுந்தால் தவணை நிற்குமா அண்ணே? நிற்காது. அந்தப் பேச்சை அதோடு விடுகிறேன். ஏனென்றால் போகிற போக்கில் அவர் இன்னொன்று சொன்னார். "உதவித்தொகை வந்து சேர்வதற்குள் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிடும், மொய்யாக எழுதிக்கொள்ளலாம்" என்றார். அரங்கமே கைதட்டியது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்க முடியாது.

தாமதம் உண்டு. அந்தத் தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தோமா?

பிள்ளையின் பேரில் இருக்கிறது. சாதிச் சான்றில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் இன்ஷியலே இல்லை. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அடுத்தது வங்கி. "ஆதார் லிங்க் பண்ணியாச்சு சார்" என்பார்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் வந்து விழும் கணக்கு இதுதான் என்று சீடிங் செய்வது வேறு. குடும்பத்தில் யாரோ சொல்லி வேறொரு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கி அங்கேயும் சீடிங் செய்துவிட்டால், பணம் கடைசியாகச் சீடிங் செய்த கணக்குக்குத்தான் போகும். பிள்ளை பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு வரவில்லை வரவில்லை என்று அலையும். வங்கிக் கிளையில் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் தீர்கிற விஷயம். அதைச் சொல்ல ஆளில்லை.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதுகிறார்கள் இல்லையா? தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000. அது தானாக வராது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும், பள்ளி அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். ஒரு படி விட்டுப்போனால் அந்த ஆண்டின் பணம் போச்சு. தேர்வில் ஜெயித்த பிள்ளை படிவத்தில் தோற்கிறது ஐயா! அது அந்தப் பிள்ளையின் தோல்வியா?

கல்லூரிக்கு வாருங்கள். பட்டியலினப் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கான உதவித்தொகை. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. மத்தியப் பங்கு இப்போது நேராக மாணவர் கணக்குக்கு வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணமும் சேர்ந்திருக்கிறது. அது தெரியாத வீட்டில் என்ன நடக்கும்? அம்மாவின் நகைக்கடன் வட்டிக்குப் போகும், தாத்தாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போகும். பரீட்சை நேரத்தில் கல்லூரி பாக்கியைக் கேட்கும், பிள்ளை ஹால் டிக்கெட்டுக்காக நிற்கும். எந்தத் தாயும் மகள் படிப்பைக் கெடுக்க நினைத்துச் செலவழிக்கவில்லை. எது கட்டணம், எது பிள்ளைக்கான தொகை என்று பிரித்துக் காட்ட யாருமில்லை.

இந்த ஊர் அறக்கட்டளைக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். நாற்பது பிள்ளைகளை மேடையேற்றிப் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். அதே நான்கு லட்சத்தில் பத்துப் பிள்ளைகளைப் பிடியுங்கள், ஆண்டுக்குப் பத்தாயிரமாக நான்கு ஆண்டும் விடாதீர்கள். நான்காம் ஆண்டுப் பணம் கையில் இருந்தால் மட்டும் முதலாம் ஆண்டில் வாக்குக் கொடுங்கள். டிசம்பர் விழாவில் கொடுக்காதீர்கள், ஜூன் மாதம் கொடுங்கள். விடுதி முன்பணமும் சேர்க்கைக் கட்டணமும் அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்ததும் நிறுத்திவிடாதீர்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை ஆங்கிலப் பாடத்தில் தடுமாறுகிற நேரம் அதுதான்.

பாதியில் நின்றால் என்ன ஆகும் தெரியுமா? ஒருவர் கதை சொல்கிறேன்.

1913. பம்பாயில் ஓர் இளைஞர், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகார் சாதிக்காரர், பி.ஏ. முடித்தவர். பிப்ரவரியில்தான் தகப்பனார் இறந்திருக்கிறார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகை கொடுக்கிறார். எவ்வளவு? மாதம் 11½ பவுண்டு. மூன்று ஆண்டுக்கு. மாதம் 11½ பவுண்டு! முப்பத்தாறு மாதத்துக்குப் பெருக்கினால் 414 பவுண்டு. திரும்பி வந்து பத்தாண்டு பரோடாவில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர்.

அந்தப் 11½ பவுண்டில் 1915இல் எம்.ஏ. முடிக்கிறார். 1916இல் லண்டன் போகிறார். அங்கே ஆய்வு பாதியில் இருக்கும்போது, 1917இல், உதவித்தொகைக் காலம் முடிகிறது. மூட்டை கட்டுகிறார். கப்பலில் தனியாக அனுப்பிய அவருடைய புத்தகங்கள் முதல் உலகப் போரில் கப்பலோடு கடலில் மூழ்குகின்றன. விட்ட படிப்பைத் தொடர 1920இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் கொடுத்த கடன். டி.எஸ்சி. என்ற ஆய்வுப் பட்டம் வந்தது 1923இல். அம்பேத்கருக்கே ஆறு ஆண்டு என்றால், நம் தெருப் பிள்ளைக்கு?

இன்னும் இருக்கிறது ஐயா, மணி அடிக்காதீர்கள். 1917இல் ஒப்பந்தப்படி பரோடா வருகிறார். படிக்கவைத்த அதே ஊர். தங்க அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்குகிறார். விஷயம் தெரிந்து தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியே போ என்கிறது. நண்பர்களைக் கேட்கிறார், அவர்களுக்கும் இடம் கொடுக்க முடியவில்லை. கமாட்டி பாக் தோட்டத்தில் போய் உட்கார்கிறார். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். ஒரு பெட்டி, ஒரு மரத்தடி.

எதிரணி கேட்கும்: படித்தும் சாதி போகவில்லையே, உதவித்தொகை என்ன செய்தது? போகவில்லைதான். என் நெஞ்சு அடைக்கிற இடமும் இதுதான். ஆனால் அந்தத் தோட்டத்திலிருந்து எழுந்தவர் 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக உட்கார்ந்தார். பட்டியலினப் பிள்ளைகளின் உயர்கல்விக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் கேட்டு வாங்கினார். 1944இல் தொடங்கியது அந்த உதவித்தொகை. கொஞ்சம் முன்னால் நான் சொன்னேனே, 60க்கு 40 என்று, ஹால் டிக்கெட்டுக்காக ஒரு பிள்ளை நிற்கிறது என்று? அந்தப் பிள்ளை வாங்குவது அதே உதவித்தொகைதான்.

அண்ணே, நீங்கள் மொய் என்றீர்கள். நம் ஊரில் மொய் என்றால் நோட்டில் பேர் இருக்கும், வாங்கியவர் கூட்டித் திருப்பிச் செய்வார். பரோடா 1913இல் ஒருவர் பேருக்கு எழுதியதை அவர் 1944இல் முகம் தெரியாத பிள்ளைகள் பேருக்குத் திருப்பி எழுதினார். இன்றும் ஒரு பெண் முதல் சம்பளம் வாங்கியதும், சித்தி மகளின் பரீட்சைக் கட்டணம் எவ்வளவு என்றுதான் கேட்கிறாள். அப்பன் பேர் போட்டு, ஊர் பேர் போட்டு, அந்த மொய் நோட்டு எங்கள் தெருக்களில் இன்னும் திறந்துதான் இருக்கிறது.