எருமைக்குப் புழு மருந்து கொடுத்தால் காசநோய் 8 மடங்கு பரவுமா?

வணக்கம். ஒரு காட்டெருமை. அதன் வயிற்றில் புழு. மருந்து கொடுக்கிறோம், புழு போய்விடுகிறது, எருமை தேறிவிடுகிறது. இதில் என்ன தப்பு வந்துவிடும்?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் வனெசா எசன்வா, அன்னா ஜோல்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்தே பார்த்தார்கள். 200-க்கும் மேற்பட்ட பெண் எருமைகளை எடுத்துக்கொண்டு, பாதிக்கு வயிற்றில் மெல்ல மெல்லக் கரையும் புழு மருந்தைக் கொடுத்தார்கள். மீதிக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் குடற்புழு நீக்கம் என்பார்களே, அதேதான். பிறகு நான்கு வருடம் விடாமல் கவனித்தார்கள்.

அந்தப் பூங்காவில் மாட்டுக் காசநோய் உண்டு. மருந்து வாங்கிய எருமை, வாங்காத எருமை இரண்டுக்குமே அந்த நோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தொற்றியது. தொற்றிய பிறகுதான் வித்தியாசம். புழு இல்லாத எருமை நோயைத் தாங்கிக்கொண்டு நெடுநாள் வாழ்ந்தது. அது வாழ்ந்த நாளெல்லாம் மந்தைக்குள்தானே இருந்தது? ஒரு நோயாளி எருமை எத்தனை எருமைக்கு நோயைக் கொடுக்கும் என்று கணக்குப் போட்டால், மருந்து வாங்கியவற்றில் அது ஏறக்குறைய 8 மடங்கு! 2015-இல் இந்த முடிவு வெளியானது. முதலில் படித்தபோது நான் அந்தப் பத்தியை மூன்று முறை திரும்பப் படித்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்டுக்குக் கொடுக்கும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பட்டி வேறு, காடு வேறு.

சரி, இது ஏன் நடக்கிறது? புழுவை எதிர்க்க உடல் ஒரு படையைத் திரட்டுகிறது, காசநோய்க் கிருமியை எதிர்க்க இன்னொரு படையை. ஒன்று ஓங்கினால் மற்றது தளரும். புழு போனதும் இரண்டாவது படைக்குத் தெம்பு வந்துவிடுகிறது.

இங்கிலாந்தின் காட்டுச் சுண்டெலிகளில் வேறு மாதிரி நடந்தது. குடலில் இருந்த உருளைப்புழுவை மருந்து விரட்டியதும், அதே குடலில் அதுவரை அடங்கிக் கிடந்த எய்மீரியா என்ற நுண்ணுயிர் 15 மடங்கு பெருகியது. கோழிக்கு இரத்தக் கழிச்சல் தருவதும் இதே எய்மீரியா இனத்தைச் சேர்ந்தவைதான். புழு திரும்பி வந்ததும் அது பழையபடி அடங்கிவிட்டது.

ஆக, ஒரு விலங்கின் உடம்பு பல ஒட்டுண்ணிகள் குடியிருக்கும் தெரு. அங்கே இடத்துக்குச் சண்டை உண்டு. நிஜமான சண்டை. இந்த வீடியோவை நான் எடுத்ததே அதைக் காட்டத்தான்.

(திரையில்: சேற்றில் ஊரும் விரல் நுனியளவு கூம்பு நத்தைகள்)

இது கலிஃபோர்னியாவின் கார்பின்டீரியா உப்புச் சதுப்பு நிலம். சேறு முழுக்க கொம்பு நத்தைகள். நீர்ப்பறவைகளின் எச்சத்தோடு தட்டைப்புழு முட்டைகள் இந்தச் சேற்றில் விழும். அதன் வழியாகப் புழு நத்தைக்குள் நுழைந்துவிடும். நுழைந்ததும் முதல் வேலையாக நத்தையின் இனப்பெருக்க உறுப்பைத் தின்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு நத்தை ஊரும், மேயும், பல வருடம்கூட வாழும். ஆனால் அதற்கு வாரிசு கிடையாது. மேய்வதெல்லாம் புழுவின் பிள்ளைகளுக்கே.

இப்படி ஓர் இனம் இரண்டு இனம் அல்ல, ஏறக்குறைய 20 வகைத் தட்டைப்புழுக்கள் இந்த ஒரே நத்தைக்குப் போட்டி போடுகின்றன. நத்தையோ சின்னது, ஒரு கூட்டத்துக்குத்தான் இடம். முதலில் வந்தவருக்கே இடம் என்று நினைக்கிறீர்களா? பலசாலி இனம் பின்னால் வந்தாலும் முன்னால் வந்த எளியதைத் தின்று துரத்திவிடும்.

2011-இல் ஹெக்கிங்கர், வுட், கூரிஸ் என்ற மூவர் இந்த நத்தைகளின் ஓட்டை உடைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒரே இனத்துப் புழுக்கூட்டத்தில் இரண்டு உருவங்கள். ஒன்று பருத்தது, மந்தமானது, வயிறு நிறையக் குஞ்சுகள். இன்னொன்று ஊசிபோல மெலிந்தது, ஓயாமல் நெளிவது, உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய். இரண்டாவது வகை குட்டி போடுவதே இல்லை. வேறு இனத்துப் புழு உள்ளே வந்தால் அதன் தோலைக் கடித்து உள்ளிருப்பதை உறிஞ்சிவிடும். அவைதான் சிப்பாய்கள்! புற்றுக்குள் சிப்பாய்க் கறையானைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நத்தை ஓட்டுக்குள், மூளை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத புழுவிடம் அதே ஏற்பாடு. எனக்கு இது இன்றுவரை பிரமிப்புதான்.

போரில் பிழைத்த புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி வெளியே வரும். ஒரு வருடத்தில் இப்படி வெளிவரும் குஞ்சுகளை மட்டும் எடை போட்டால், அந்தச் சதுப்பு நிலத்துப் பறவைகள் எல்லாவற்றின் எடையையும் மிஞ்சும். அதில் ஓர் இனம் கில்லி என்ற சின்ன மீனின் மூளைமேல் போய் ஒட்டிக்கொள்ளும். மீனுக்கு நோய் வராது, நடத்தைதான் மாறும்: தண்ணீர் மேற்பரப்புக்கு வந்து துடிக்கும், புரண்டு வயிற்றைப் பளிச்சென்று காட்டும். பறவைகள் அப்படிப்பட்ட மீனைப் பிடிக்கும் வாய்ப்பு 10 முதல் 30 மடங்கு அதிகம். புழு பறவைக் குடலுக்குப் போய்ச் சேரும், முட்டை மறுபடி சேற்றில் விழும்.

இதைக் கேட்டு அருவருப்பு வந்தால் இன்னும் ஒரு நிமிடம் இருங்கள். இதே கார்பின்டீரியாவில் சீரழிந்த ஒரு பகுதியைச் சீரமைத்தார்கள். வேலை பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பறவை எண்ணலாம், ஆனால் பறவை இன்று வரும், நாளை பறந்துவிடும். நத்தை அங்கேயே கிடக்கும். அதற்குள் ஒரு தட்டைப்புழு இருக்கிறதென்றால், ஏதோ ஒரு பறவை வந்து எச்சமிட்டிருக்கிறது என்று பொருள். அதனால் நத்தைகளை உடைத்துப் புழுவை எண்ணினார்கள். ஆரம்பத்தில் குறைவாக இருந்தது. 2003-இல், ஆறு வருடம் கழித்து, சீரழியாத பக்கத்துப் பகுதிகளில் இருந்த அளவுக்கே புழு வந்துவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, பறவைகள் திரும்பிவிட்டன என்று.

உங்களுக்கு எது அதிகம் பிடித்தது, எருமையா, சிப்பாய்ப் புழுவா? கமெண்டில் எழுதுங்கள். நான் சிப்பாய் பக்கம்.