பட்டைக்கும் தடிக்கும் நடுவே

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். கார் டிரிஃப்டிங் போட்டியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கார் போட்டி என்றதும், "யாரு முதல்ல வந்தா?" என்பீர்கள். இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. எப்படி வந்தான் என்பதற்குத்தான் மார்க்.

ஆனி மழையில் குலசேகரம் பக்கத்துத் தோட்ட ரோட்டில் பைக் ஓட்டியிருக்கிறீர்களா? சேறும் சருகும் கிடக்கும் வளைவில் பின் டயர் தன் பாட்டுக்கு வெளியே போகும். வயிற்றில் ஒரு பகீர். அந்தப் பகீரை வேண்டுமென்றே வரவழைத்து, வளைவு முழுக்க விடாமல் வைத்திருப்பதுதான் டிரிஃப்ட். கார் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். முன் சக்கரமோ வலது பக்கம் ஒடிந்திருக்கும். பின் சக்கரம் இழுக்கிற வண்டியாக இருந்தால்தான் இது ஒழுங்காக வரும். நம் பழைய அம்பாசிடரும் ஆம்னியும் அந்த ஜாதிதான். உடனே சாவியை எடுத்துவிடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

ஜப்பானின் மலை ரோடுகளில் வளர்ந்த வித்தை இது. கெய்ச்சி சுச்சியா என்பவரை 'டிரிஃப்ட் கிங்' என்றே கூப்பிடுவார்கள். அங்கே டி1 கிராண்ட் பிரீ, அமெரிக்காவில் 2004 முதல் ஃபார்முலா டிரிஃப்ட் என்று இன்று பெரிய போட்டிகள் உண்டு.

நான் பார்த்தது மஸ்கட்டில். அங்கே வேலை பார்த்த காலம். வெள்ளிக்கிழமை லீவு, கூட்டாளி ஒருவன் இழுத்துக்கொண்டு போனான். முதல் கார் வளைவுக்குள் வந்ததும் வெள்ளைப் புகை எழுந்து எங்கள் மேல் அப்படியே கவிழ்ந்தது. ரப்பர் ஷீட்டு காயும் புகைப்புரை வாசத்தில் வளர்ந்தவன் நான். இது வேறு, மூக்கை அரித்தது. ஆனாலும் ரப்பர்தானே! காலரியிலிருந்தே அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா, இங்க டயர வெறுதே தேச்சு எரிக்கானுவ."

"ஒரு டயரு எத்தன நேரம் நிக்கும் மக்கா?"

"ரெண்டு ஓட்டத்துல பின் டயர் ரெண்டையும் மாத்துறானுவ."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "அப்போ நம்ம ஷீட்டுக்கு வெல ஏறுமாலே?"

அவர் கேட்டதில் தப்பில்லை. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர். சிரட்டை சிரட்டையாகச் சேர்த்த பால் இரண்டு நிமிஷத்தில் புகையாகப் போகிறது என்றால் கணக்குப் பார்க்கத்தானே செய்வார்.

லீவில் ஊருக்கு வந்தபோது வீடியோவைக் காட்டினேன். ஜோடி ஓட்டம். முன்னே ஒரு கார், அதை ஒட்டியே பின்னால் இன்னொன்று. இரண்டும் சறுக்கியபடியே போகும். முன்னால் போகிறவன் நடுவர்கள் சொன்ன பாதையில் போக வேண்டும். பின்னால் போகிறவன் அவன் வண்டி எவ்வளவு குறுக்காகச் சாய்கிறதோ அவ்வளவே சாய்ந்து, கதவோரமாக நெருங்க வேண்டும், ஆனால் இடித்துவிடக் கூடாது. அடுத்த ஓட்டத்தில் இடம் மாறுவார்கள். நடுவர்களால் முடிவு சொல்ல முடியாவிட்டால் மறுபடியும் ஓட்டம்.

அப்பா மூன்று தடவை பார்த்தார். "இது நம்ம வெட்டுதான்லே" என்றார். கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போய்த் தடியில், அதாவது பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்தில், பட்டால் மரம் கெட்டது. பட்டைக்கும் தடிக்கும் நடுவே ஒரு நூல் இடத்தில் போக வேண்டும். டிரிஃப்டிலும் சாய்வு குறைந்தால் மார்க் இல்லை, கூடினால் வண்டி சுற்றி நின்றுவிடும். எத்தனையோ போட்டிகளில் வர்ணனை கேட்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வேகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கவனித்தீர்களா?

வேகமும் உண்டு. 2016-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் மசாட்டோ கவபட்டா மணிக்கு 304.96 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி கின்னஸில் ஏறினார். அதை விரிவாகச் சொல்லலாம் என்று குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும்: காதில் பஞ்சு வையுங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்காருங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். டயர் துகள் துவைத்தாலும் போகாது. என் சட்டை இன்னும் வீட்டில் கைப்பிடித் துணியாகக் கிடக்கிறது. வணக்கம்.