நேராக நடப்பது எப்படி?

(யாழ்ப்பாணத்தில் பாடசாலை மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அன்பான பிள்ளைகளே,

1905 ஜூலையில் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 'நேச்சர்' சஞ்சிகைக்குச் சிறு கடிதம் ஒன்று எழுதினார். ஒருவன் நேர்கோட்டில் கொஞ்சத் தூரம் நடக்கிறான். நின்று, ஏதோவொரு பக்கம் திரும்பி, மறுபடியும் அதே தூரம் நடக்கிறான். இப்படிப் பல தடவை நடந்தபின் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பான்? அடுத்த வாரமே பதில் வந்துவிட்டது. ஒலி அதிர்வுகளை ஆராய்ந்தபோது ரேலி பிரபு அந்தக் கணக்கை 1880 இலேயே செய்து வைத்திருந்தார்.

இதுதான் எழுமாற்று நடை. வீட்டு முற்றத்தில் நீங்களும் செய்து பார்க்கலாம். நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் ஓரடி வலப்பக்கம், பூ விழுந்தால் ஓரடி இடப்பக்கம். நூறு தடவை சுண்டியபின் ஏறத்தாழப் பத்தடி அளவில் விலகி நிற்பீர்கள். பத்தாயிரம் தடவை என்றால் நூறடி. வர்க்கமூலக் கணக்கு. வலமும் இடமும் ஒன்றையொன்று தின்று பூச்சியத்தில் கொண்டுவந்து விட்டுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. சிறு விலகல்கள் மெல்ல மெல்லச் சேர்கின்றன.

மனிதன் நடக்கும்போதும் அதுவே நிகழ்கிறது. ஜேர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த யான் சௌமனும் குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. சமதரையான பெரிய காடு ஒன்றில் ஆட்களை விட்டு, "நேராகவே நடவுங்கள்" என்றார்கள். வெயில் தெரிந்த நாளில் நடந்தவர்கள் நேராகப் போனார்கள். மப்பு மூடிய நாளில் நடந்தவர்களோ வட்டமடித்தார்கள். தாம் வந்த தடத்தையே குறுக்கறுத்தும் அதை உணரவில்லை. சகாராப் பாலைவனத்தில் நிலவொளியில் நடந்தவர், நிலவு முகிலுக்குள் போனதும் பல தடவை திரும்பி, வந்த திசைக்கே போய்விட்டார். கண்களைக் கட்டி நடக்கவிட்டபோது சிலருடைய வட்டத்தின் விட்டம் 20 மீற்றரிலும் குறைந்தது.

ஒரு கால் நீளம், மறு கால் குட்டை என்பதுதான் காரணமா? இல்லை. அதே ஆள் ஒருமுறை இடப்பக்கமும் இன்னொருமுறை வலப்பக்கமும் சாய்ந்தார். 'நேர்' எது என்று மூளை வைத்திருக்கும் கணிப்பில் அடிக்கடி நேரும் நுண்ணிய பிழை, நாணயம் சுண்டியதைப் போலச் சேர்ந்துகொண்டே போகிறது. அதைத் திருத்த வெளியே ஒரு குறி வேண்டும். மலையில்லாத நம் குடாநாட்டின் வயல்வெளிகளில் கோபுரமும் பனங்கூடலும் அந்த வேலையைச் செய்கின்றன.

பார்வையற்ற ஒருவர் வெள்ளைப் பிரம்பால் மதிலடியைத் தட்டித் தட்டி நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு தட்டும் அவருடைய திசையைத் திருத்துகிறது. அந்த ஓரத்தில் நாம் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் அவர் வீதிப்பக்கம் விலகவேண்டும். திசையைக் காட்டிய மதிலும் கைவிட்டுப் போய்விடும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடும் சுண்ணாம்பு உங்கள் பாடசாலையில் இருக்கும். மைதானத்தில் ஒருவருடைய கண்களைச் சால்வையால் கட்டி, எதிர் எல்லைக்கு நேராக நடக்கச் சொல்லுங்கள். இன்னொருவர் பின்னால் சத்தமின்றிச் சென்று தடத்தில் சுண்ணாம்பு தூவட்டும். இடறும்முன் பிடிக்க ஓர் ஆசிரியர் அருகில் இருக்கவேண்டும். ஒவ்வொருவரையும் பல தடவை நடக்கவிட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் விலகினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் நீளத்தையும் மறக்காமல் அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.