ஸ்பிதி சாலையில் பைக்கில் நாலா (சாலையின் குறுக்கே ஓடும் மலை ஓடை) கடப்பது எப்படி?

[காட்சி: பாதல் அருகே, சாலையின் குறுக்கே பாயும் பனிநீர்]

இமாசலப் பிரதேசத்தின் காசாவிலிருந்து மணாலிக்கு சுமார் 200 கி.மீ. மேப்பைப் பார்த்தால் ஒரு பகல் தாராளம் என்று தோன்றும். ஆனால் வழியில் பாதலுக்கும் கிராம்ஃபுவுக்கும் நடுவிலுள்ள ஏறக்குறைய 50 கி.மீ. தூரத்தில் பல இடங்களில் தார் கிடையாது. உருண்டைக் கற்களும் சேறும்தான். அதற்கே நான்கைந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

இங்கே எல்லாமே கடிகாரத்தைப் பொறுத்தது. மேலே பனி உருகினால்தான் நாலாவில் தண்ணீர். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலா, வெயில் ஏறிய பிறகு முழங்காலைத் தாண்டும். உருகிய நீர் கீழே வந்து சேர நேரமாவதால் பிற்பகலில்தான் வேகம் உச்சம். அதனால் முந்தின இரவு லோசர் கிராமத்தில் தங்கி, விடிந்ததும் 4,551 மீட்டர் உயர குன்சும் கணவாயைக் கடந்து பாதல் பக்கம் இறங்கிவிடுங்கள்.

லோசரே 4,000 மீட்டருக்கு மேல். மணாலியிலிருந்து ஒரே நாளில் இந்த உயரத்துக்கு ஏறினால் தலைவலியும் வாந்தியும் வர வாய்ப்பு அதிகம். ஷிம்லா, கின்னௌர் வழியாக மெதுவாக ஏறி, மணாலிப் பக்கம் இறங்குவதே நல்லது. காசாவில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் கியரிலேயே போகும் தூரம் பெட்ரோலைக் குடிக்கும்.

[காட்சி: நாலா ஓரத்தில் நிறுத்திய பைக்]

நாலா வந்ததும் உடனே வண்டியைத் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். ஒரு வண்டி கடப்பதைப் பாருங்கள், இல்லையென்றால் கம்பூட் போட்டு நீங்களே நடந்து பாருங்கள். சலசலவென்று அகலமாக ஓடும் இடம் ஆழம் குறைவு. சலனமில்லாத இடத்தில்தான் பள்ளம் இருக்கும். பின்னால் இருப்பவர் நடந்து வரட்டும்.

முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலரேட்டர். பார்வை தண்ணீரில் அல்ல, எதிர்க்கரையில். தண்ணீர் வண்டியைப் பள்ளத்துப் பக்கம் தள்ளும், ஆகவே கொஞ்சம் தண்ணீர் வரும் பக்கமாகவே பிடித்து ஓட்டுங்கள். சைலன்சர் மூழ்கினாலும் பயமில்லை. இன்ஜின் ஓடும்வரை புகையே தண்ணீரை வெளியே தள்ளும். ஆக்சிலரேட்டரை விட்டால்தான் வம்பு.

வண்டி சாய்ந்துவிட்டதா? முதலில் கில் ஸ்விட்ச், அதாவது இன்ஜினை அணைக்கும் பொத்தான். தயவுசெய்து செல்ஃப் அடிக்காதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தக் குளிர் பாலைவனத்தில் அதற்கு மருந்தே இல்லை.

கரைக்குத் தள்ளி வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மேல் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். நனைந்த பேப்பர் ஃபில்டரை மாற்றுங்கள். ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஓட்டவே கூடாது. கிளம்பும் முன்பே டூல் கிட்டில் பிளக் ஸ்பேனர் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கும் விடுபடுவது அதுதான். கடந்ததும் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து உலர்த்துங்கள்.

தண்ணீர் கலங்கி, அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால் எந்த வண்டியும் இறங்கக் கூடாது. பாதலுக்குத் திரும்பிவிடுங்கள்; அங்கே தாபாவில் சாப்பாடும் படுக்க இடமும் கிடைக்கும். மறுநாள் காலை தண்ணீர் தானே இறங்கிவிடும்.