ஒரோட்டாப் பள்ளத்தாக்கில் மருந்து செய்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கிளர்ச்சிப் படையொன்றின் அரண் சூழ்ந்த தளம் என்றதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்பவை பதுங்குகுழியும் காவலரணும் துப்பாக்கி ஏந்திய இளைஞர்களும்தான். நான் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அத்தகைய ஒரு தளத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, அங்கே மாத்திரை செய்தார்கள் என்ற ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. அன்று முதல் அந்த இடத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துவருகிறேன். ஆப்பிரிக்காவின் வடகிழக்கே, செங்கடலை ஒட்டிய எரித்திரியாவில், சாகெல் மலைகளுக்கு நடுவே இருந்த தளம் அது.

இத்தாலியின் குடியேற்ற நாடாக இருந்த எரித்திரியா 1952-இல் எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியாக இணைக்கப்பட்டது. 1962-இல் எத்தியோப்பியா அந்தக் கூட்டாட்சியைக் கலைத்து அதைத் தன் மாகாணமாக்கிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டே ஆயுதப் போராட்டம் தொடங்கியிருந்தது. அது முப்பது ஆண்டுகள் நீண்டது. 1977-இல் போராளிகள் பல நகரங்களைக் கைப்பற்றினார்கள். ஆனால் சோவியத் ஆயுதங்கள் எத்தியோப்பியாவில் வந்து குவிந்ததும், எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணி மறு ஆண்டே பிடித்த ஊர்களை விட்டு வடக்கே பின்வாங்கி, நக்ஃபா என்னும் மலைநகரை அரணாக்கிக்கொண்டது. முகடுகளில் கல் அடுக்கிய பதுங்குகுழிகள்; அவற்றுக்கு வெகுதூரம் பின்னே, ஒரோட்டா போன்ற பள்ளத்தாக்குகளில் மருத்துவமனையும் பட்டறைகளும் பள்ளியும். நக்ஃபா நகரம் குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று, அரண் மட்டும் ஏறக்குறைய பத்தாண்டுகள் விழவே இல்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்க்கை இரவில்தான் நடந்தது. பகல் முழுவதும் வானில் போர் விமானங்கள் சுற்றியதால், சூடான் துறைமுகத்திலிருந்து தானியமும் மருந்தும் எண்ணெயும் ஏற்றிவந்த லாரிகள் விடிவதற்குள் மரத்தடியிலோ பாறை இடுக்கிலோ தழை போர்த்தி மறைக்கப்பட்டு, பொழுது சாய்ந்த பின்பே மீண்டும் கிளம்பும். கட்டடங்கள் மலைச்சரிவில் பாதி புதைந்தபடி, கல்லும் மண்ணும் முள்மரக் கிளைகளும் மேலே மூட, மேலிருந்து பார்ப்பவருக்கு மலையாகவே தெரிந்தன.

அந்த மருத்துவமனை ஒரே கட்டடமாக இருக்கவில்லை. ஒரு குண்டு விழுந்தால் எல்லாம் அழிந்துவிடக் கூடாது என்று, அறுவைக் கூடம் ஓரிடம், நோயாளர் கூடம் ஓரிடம், ஆய்வுக்கூடம் ஓரிடம் எனச் சுமார் ஐந்து கிலோமீட்டருக்குப் பரப்பிக் கட்டினார்கள். உலகின் மிக நீளமான மருத்துவமனை என்று வந்து பார்த்தவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இங்கேதான் என் மனத்துக்கு நெருக்கமான செய்தி வருகிறது. சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். நம் வீட்டில் யாராவது வயிற்றுப்போக்கால் துவண்டு மருத்துவமனையில் சேர்ந்தால், "குளுக்கோஸ் ஏற்றினார்கள்" என்கிறோம். பல நேரங்களில் அந்தக் குப்பியில் இருப்பது வெறும் உப்பு நீர்தான்: ஒரு லிட்டர் நீருக்கு ஒன்பது கிராம் உப்பு. உப்பை எவரும் எடைபோட்டுவிடலாம். கடினம் அந்த நீரில்தான் இருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும் என்பது நமக்குத் தெரியும், ஆனால் செத்த கிருமியின் உடற்சுவரிலிருந்து கழன்ற பொருள் நீரிலேயே தங்கிவிடும். அது இரத்தத்தில் கலந்தால் நோயாளிக்குக் குளிர்நடுக்கமும் கடும் காய்ச்சலும் வரும், சிலருக்கு உயிரே போகும். ஆகவே நீரைக் காய்ச்சி வடிக்க வேண்டும். வடித்ததைக் காலம் தாழ்த்தாமல் குப்பியில் அடைக்க வேண்டும். அடைத்ததை அழுத்தம் மிகுந்த நீராவியில் 121 பாகை வெப்பத்தில் பதினைந்து நிமிடமாவது வைத்தெடுக்க வேண்டும். இதற்குத் தடையில்லாத மின்சாரமும் தூசியில்லாத அறையும் வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் கற்பித்தார்கள். புழுதி பறக்கும் ஒரு பள்ளத்தாக்கில், மின்னாக்கியின் துணையோடு, விமானங்களுக்கு மறைந்து அதைச் செய்தார்கள். நேயர்களே, மீண்டும் சொல்கிறேன்: அது உப்பும் நீரும்தான். ஆனால் வயிற்றில் குண்டு பாய்ந்து இரத்தம் இழந்தவரை அறுவைக் கூடம் வரை உயிரோடு வைத்திருப்பதில் அந்தக் குப்பிக்குப் பெரும் பங்குண்டு.

மாத்திரைகளும் அங்கேயே செய்தார்கள். மூலப்பொருளைத் தூளாக வரவழைத்து, அளந்து, கலந்து, அழுத்தி எடுத்தார்கள். மலேரியாவுக்கான குளோரோகுயின் அவற்றுள் ஒன்று. தூளாக வந்தால் விலை குறைவு, லாரியில் இடமும் குறைவு. எந்த அரசும் ஏற்றுக்கொள்ளாத ஓர் இயக்கம் மருந்துக்காக எவரிடமும் எப்போதும் கையேந்தி நிற்க முடியாது என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. அந்தத் தளத்தைப் பத்தாண்டு நிற்கவைத்ததில் பதுங்குகுழிக்கு இருந்த அதே பங்கு இந்த மருந்துக்கூடத்துக்கும் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

காலணியையும் சொல்லாமல் விட முடியாது. ஷிதா என்ற பிளாஸ்டிக் செருப்பைத்தான் தலைவர் முதல் சமையற்காரர் வரை அனைவரும் அணிந்தார்கள். ஈரம் தங்காது, காற்று புகும், பாறையில் நடக்கத் தாங்கும். வார் அறுந்தால் நெருப்பில் காட்டி உருக்கி ஒட்டிக்கொள்ளலாம். ஊசியும் நூலும் தேவையில்லை. இன்று தலைநகர் அஸ்மாராவில் அந்தச் செருப்புக்குப் பெரிய நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். பள்ளியைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். போராளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண். தாக்குதல் ஓய்ந்த வேளைகளில் பதுங்குகுழியிலேயே எழுத்தறிவு வகுப்பு நடந்தது. 1979 முதல் அவர்களுடைய வானொலி, மக்களின் குரல் என்ற பொருள் தரும் பெயரோடு, அந்த மலைகளிலிருந்தே ஒலித்தது.

1988 மார்ச்சில் அஃபாபெத் என்னுமிடத்தில் எத்தியோப்பியப் படையின் முற்றுகை உடைந்தது. 1991 மே மாதம் முன்னணிப் போராளிகள் அஸ்மாராவுக்குள் நுழைந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, பொது வாக்கெடுப்புக்குப் பின் எரித்திரியா தனி நாடாயிற்று. 1997-இல் வந்த அதன் நாணயத்தின் பெயர் நக்ஃபா. பின்பு நடந்ததையும் ஒரு நிமிடத்தில் சொல்லியாக வேண்டும். விடுதலைக்குப் பின் அங்கே நாடு தழுவிய தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை. 2001 செப்டம்பரில், சீர்திருத்தம் கேட்ட மூத்த தலைவர்கள் பதினொருவர் கைதுசெய்யப்பட்டார்கள். தனியார் செய்தித்தாள்கள் மூடப்பட்டன. அந்தப் பதினொருவருக்கு இன்றுவரை விசாரணை கிடையாது. அதே மலைகளில், அதே ஷிதா அணிந்து, முன்னணியை நடத்தியவர்கள் அவர்களுள் பலர். அவர்களைப் பற்றித் தனியாக ஓர் உரை வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் அதையும் பேசுவேன். நன்றி, வணக்கம்.