எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு

நேயர்கள் எல்லாருக்கும் என் அன்பான வணக்கம்.

கஷ்ட காலத்தில் ஒரு கிறிஸ்தவர் மகிழ்ச்சியை எப்படிக் காத்துக்கொள்கிறார் என்று பேசும்படி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். பதினைந்து நிமிடம் என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மணி அடித்த பிறகும் "இன்னும் ஒரே ஒரு வரி" என்று பிள்ளைகளைப் பிடித்து வைக்கிற ஜாதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறார். அவர் கையைக் காட்டினால் முடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மகிழ்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு முதலில் வருவது கோபம். ஏன் என்று சொல்கிறேன். எங்கள் சபையின் பாடகர் குழுவோடு பல வருஷமாகத் துக்கவீடுகளுக்குப் போய்வருகிறேன். அங்கே எப்படியும் ஒருவர் வந்துவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும், தலைவிரி கோலமாய் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம், "அழாதீங்கம்மா, கர்த்தருக்குள்ள எப்பவும் சந்தோஷமா இருக்கணும்னு வசனம் சொல்லுதே, உங்களுக்கு விசுவாசம் இல்லையா?" என்பார். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு பாரம். இப்போது விசுவாசம் குறைந்துபோயிற்றோ என்கிற பாரமும் சேர்ந்துகொள்ளும். சொன்னவர் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அவர் சொன்ன வசனம் பொய்யில்லை. பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி சபைக்கு எழுதின நிருபத்தில், அதாவது கடிதத்தில், நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்." கத்தோலிக்கப் பெரியவர்கள் சின்னப்பர் என்று சொல்வார்களே, அதே பவுல்தான். ஆனால் அந்த நிருபத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். மொத்தம் நாலே அதிகாரம். ஒரு காப்பி ஆறுவதற்குள் வாசித்துவிடலாம். இரண்டாம் அதிகாரத்தில் பவுல் என்ன சொல்கிறார்? எப்பாப்பிரோதீத்து என்ற நண்பர் சாகக் கிடந்தார், தேவன் இரங்கிப் பிழைக்க வைத்தார், இல்லாவிட்டால் எனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" உண்டாகியிருக்கும் என்கிறார். அப்படியென்றால் ஒரு துக்கம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. மூன்றாம் அதிகாரத்தில், கண்ணீரோடு சொல்லுகிறேன் என்கிறார். நாலாம் அதிகாரத்தில் சபையில் இரண்டு பெண்களுக்குள் மனத்தாங்கல், அதைச் சரிசெய்யப் பார்க்கிறார். அதை எழுதிவிட்டு இரண்டு வசனம் தாண்டித்தான் சந்தோஷமாயிருங்கள் என்கிறார். எழுதின இடம் சிறைச்சாலை. ரோமாபுரிச் சிறை என்று பலரும், வேறு ஊர்ச் சிறை என்று சிலரும் சொல்கிறார்கள். எந்த ஊரானால் என்ன, கையில் விலங்கு.

கண்ணீர், துக்கம், சண்டை, விலங்கு எல்லாம் இருக்கிற கடிதத்தில்தான் அந்தச் சந்தோஷமும் இருக்கிறது. அழுகிறவரைப் பார்த்து நிறுத்து என்று சொல்ல அந்த வசனத்தைப் பிடுங்கிக்கொண்டு வரக் கூடாது. இயேசுநாதரே, இறந்துபோன சிநேகிதன் லாசருவின் வீட்டாரோடு கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்திருந்தும் விட்டார்.

இப்போது பிலிப்பி ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி நேற்றே எச்சரித்தாள், "பிலிப்பியை ஆரம்பிச்சீங்கன்னா நேரம் போயிரும்" என்று. இருக்கட்டும்.

மக்கெதோனியா நாட்டில், ரோமர்கள் குடியேறி வாழ்ந்த பட்டணம் அது. கி.பி. 50ஐ ஒட்டி பவுலும் அவருடைய உடன் ஊழியர் சீலாவும் அங்கே போகிறார்கள். இரத்தாம்பரம், அதாவது ஊதாச் சாயத் துணி, விற்கிற லீதியாள் என்கிற வியாபாரப் பெண்மணி அவர்களை வீட்டில் தங்கவைக்கிறார். அந்த ஊரில் குறிசொல்லும் ஓர் அடிமைப் பெண். அவளை வைத்துச் சம்பாதிக்கிற எஜமான்கள். பவுல் அந்தப் பெண்ணை விட்டு ஆவியைத் துரத்திவிடுகிறார். பெண்ணுக்கு விடுதலை, எஜமான்களுக்கு வருமானம் போச்சு. கதை முழுக்க அந்த வருமானத்தில்தான் புரளுகிறது. பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துப்போய், வஸ்திரத்தைக் கிழித்து, அடி என்றால் அப்படி அடி, அப்புறம் உட்காவலறையில் தள்ளித் தொழுமரம் என்கிற துளைபோட்ட கட்டையில் கால்களை மாட்டிவிடுகிறார்கள்.

முதுகெல்லாம் புண். சாய முடியாது. கால் மரத்தில், புரண்டு படுக்க முடியாது. தூக்கம் எங்கே வரும்? நடுராத்திரியில் இரண்டு பேரும் ஜெபம்பண்ணிப் பாடினார்கள் என்று வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறது. பிரசங்கியார்கள் இந்த இடத்தில் வேகமாகப் பூமியதிர்ச்சிக்குப் போய்விடுவார்கள். கதவு திறந்தது, கட்டு கழன்றது, அல்லேலூயா! நான் போகமாட்டேன். பூமி அதிர்வதற்கு முன்னால் சின்னதாக ஒன்று எழுதியிருக்கிறது. "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்."

யார் அவர்கள்? பெயர் இல்லை. திருடனாக இருக்கலாம், கொலைகாரனாக இருக்கலாம், கடன்பட்டவனாக இருக்கலாம், ஒரு தப்பும் செய்யாதவனாகவும் இருக்கலாம். அவர்கள் பாடவில்லை. அவர்களுக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பாடுகிற நிலைமையில் இருந்திருக்க மாட்டார்கள். இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த ராத்திரி அவர்களுக்கும் ஒரு பாட்டு இருந்தது. பாடினவர்களும் ஒற்றை ஆள் இல்லை, இரண்டு பேர். ஒருவருக்குச் சுருதி இறங்கினால் இன்னொருவர் பிடித்துக்கொண்டிருப்பார். பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

கடைசியில் அந்தச் சிறைக்காவலன், கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று பயந்து தன்னையே குத்திக்கொள்ளப் போனவன், இவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காயங்களைக் கழுவி, சாப்பாடு வைத்து, வீட்டாரோடு மனமகிழ்ச்சியாயிருந்தான் என்று முடிகிறது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் முதுகில் அந்தப் புண் இருந்தது. அதிசயம் கதவைத் திறந்துவிட்டது, புண்ணை ஆற்றவில்லை. புண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினது ஒரு மனுஷன்.

பல வருஷம் கழித்து வேறொரு சிறையிலிருந்து அதே ஊர்ச் சபைக்குத்தான் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதுகிறார். நிருபத்தைச் சபை நடுவே உரக்க வாசித்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் லீதியாள் இருந்திருக்கலாம், அந்தச் சிறைக்காவலனும் இருந்திருக்கலாம். இருந்திருந்தால், "ஆமாம், நடுராத்திரியில் இவர் பாடிக் கேட்டிருக்கிறேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லாமலா இருந்திருப்பான்? இது என் ஊகம்தான், வேதத்தில் இல்லை.

இன்னொன்று. அந்தக் காலத்துச் சிறையில் கைதியின் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் வெளியே இருந்து சொந்தபந்தம்தான் கொடுத்துவிட வேண்டும். பிலிப்பிச் சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் பவுலுக்கு உதவி அனுப்பினார்கள். அதற்கு நன்றி சொல்லித்தான் நிருபமே. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனம் தெரியும் இல்லையா? ஆட்டோவிலும் பைக்கிலும் வீட்டு நிலைவாசலிலும் ஒட்டியிருப்பார்கள். நாலாம் அதிகாரம் பதின்மூன்றாம் வசனம். பதினாலாம் வசனத்தை ஒருவரும் ஒட்டிப் பார்த்ததில்லை. "ஆனாலும் நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது." எனக்குப் பெலன் உண்டு என்று சொன்ன கையோடு, நீங்கள் கூட நின்றது நல்லதாய்ப் போயிற்று என்கிறார். பதின்மூன்றை மட்டும் ஒட்டினால் மகிழ்ச்சி தனியாள் சாமர்த்தியம் மாதிரி ஆகிவிடும்.

நான் சொல்லவந்தது இதுதான். மகிழ்ச்சி ஒருவர் தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றுகிற பொருள் இல்லை. வீட்டில் அரிசி தீர்ந்தால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குகிறோம், அடுத்த மாதம் அவர்கள் நம்மிடம் வாங்குகிறார்கள். சபையில் மகிழ்ச்சியும் அப்படித்தான் புழங்குகிறது. நம்மிடம் இல்லாத நாளில் இன்னொருவரிடம் இருக்கும். இல்லை என்று சொல்ல வெட்கப்படத் தேவையில்லை.

வேதத்திலுள்ள பாட்டுத் தொகுப்பான சங்கீத புஸ்தகத்தில் 88ஆம் சங்கீதம் என்று ஒன்று உண்டு. அதைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்கள் குறைவு. மற்ற அழுகைச் சங்கீதங்களில் கடைசியில் எப்படியாவது ஒரு வெளிச்சம் வந்துவிடும். 13ஆம் சங்கீதத்தைப் பாருங்கள், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஆரம்பித்து, இருதயம் களிகூரும் என்று முடியும். 88இல் அது கிடையாது. சிநேகிதனும் தோழனும் தூரப் போய்விட்டார்கள், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிந்துவிடும். அது கோராகின் புத்திரரின் பாட்டு, அதாவது ஆலயப் பாடகர்களுடைய பாட்டு. கூடிப் பாட வைத்திருந்த பாட்டு! சந்தோஷமாக இருப்பவர்களும் சேர்ந்து அந்த இருட்டைப் பாட வேண்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? பாடகர் குழுத் தலைவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், வருஷத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் பாடுங்கள்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துச் சின்ன ஊர். ஒரு வருஷம், எங்கள் குழுவிலேயே நல்ல குரல் உள்ள ஓர் அக்காவின் மகன் விபத்தில் இறந்துபோனான். டிசம்பர் வந்தது. உங்களுக்குத் தெரியும், துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டமாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். தீபாவளி கொண்டாடுகிற வீடுகளிலும் இதே வழக்கம்தான். பலகாரம் மற்றவர்கள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கேரல் ரவுண்ட்ஸ் போகும் பையன்கள் அந்த வீட்டு வாசலில் நிற்பதா, தாண்டிப்போவதா என்று குழம்பி, சபை ஊழியரான உபதேசியாரை முன்னே அனுப்பிக் கேட்டார்கள். அக்கா, "டிரம்ம மட்டும் அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். பையன்கள் நின்று ஒரு பாட்டு பாடினார்கள். அக்கா வெளியே வரவில்லை. உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் தெருவே பலகாரத் தட்டோடு போனது. முன்னறை பெஞ்சில் வரிசையாகத் தட்டுகள், மேலே மூடின பேப்பரில் எண்ணெய் ஊறியிருந்தது. முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. எதிர்வீட்டுப் பிள்ளையார் பக்தை ஓர் ஆச்சி சீடையே செய்து கொண்டுவந்துவிட்டார்கள். அக்கா ஒன்றையும் தொடவில்லை. வருகிறவர்களுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் வற்புறுத்தியதால் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தார்கள். கடிபடவில்லை. மறுபடியும் கடித்துப் பார்த்துவிட்டு, "இது யாரு செஞ்சது? பாகு முத்திப்போச்சே, பல்லு கழண்டுரும் போலுக்கே" என்றார்கள். செய்தது என் வீட்டம்மா. ஒரு நிமிஷம் எல்லாரும் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தோம். அப்புறம் அக்காவே சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள், நாங்களும் அழுதோம். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமருக்கு எழுதினதும் அந்தப் பவுல்தான். அன்றைக்கு யாரும் வசனம் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்கா ஈஸ்டர் வரைக்கும் குழுவில் பாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் வரிசையில் பாமாலைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் பாடுவோம்.

எங்கள் வட்டாரக் கிறிஸ்தவத்தின் தொடக்கமே இப்படிச் சேர்ந்து நின்றதில்தான் இருக்கிறது. சாத்தான்குளம் பக்கம் முதலூர் என்று ஓர் ஊர். மஸ்கோத் அல்வாவுக்குப் பெயர்போன ஊர் என்றால் நிறையப் பேருக்குத் தெரிந்துவிடும், தேங்காய்ப் பாலில் கிண்டுகிற அல்வா. அந்த ஊர் 1799இல் உண்டானது. கிறிஸ்தவர்களானதற்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்களுக்காக, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று நிலம் வாங்கிக் குடியேற்றினார்கள். டோனாவூரும் அப்படி எழுந்த ஊர்தான், 1827இல். ஜெர்மனியிலிருந்து டோனா என்ற பிரபு அனுப்பிய பணத்தில் மிஷனெரி ரேனியஸ் ஐயர் நிலம் வாங்கினார். எங்கள் ஊர்களில் இன்றைக்கும் அசனப் பண்டிகை என்கிற சபை விருந்துக்கு ஏழை பணக்காரன் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். வர முடியாதவர்களுக்கு, நோயாளிகளுக்கு, வாளியில் சோறும் குழம்பும் வீட்டுக்குப் போகும். வாளி கொண்டுபோகிற வேலைக்குப் பையன்கள் போட்டிபோடுவார்கள். அந்த அசனத்தைப் பற்றியே ஒரு நாள் தனியாகப் பேச வேண்டும்...

தம்பி கையைக் காட்டிவிட்டார். விரலில் ஒன்று என்கிறார், ஒரு நிமிஷம்.

தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் ஐயரைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1706இல் வந்தார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்த கொஞ்ச நாளில், டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைப் பிடித்து நாலு மாதம் சிறையில் போட்டார். வெளியே வந்து எழுதி முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி அனுப்பினார்கள், வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், கூட வந்த அச்சர் கரைசேராமலே காய்ச்சலில் இறந்துபோனார். ஆனாலும் 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுதாக அச்சாகி வந்தது. அதற்குள் பிலிப்பியர் நிருபமும் இருந்தது. சிறையில் இருந்து ஒருவர் எழுதினதைச் சிறைக்குப் போய்வந்த இன்னொருவர் நமக்குத் தமிழில் கொடுத்தார். அந்த நாலு மாதத்தில் அவர் எழுதின புத்தகங்களைப் பற்றியும் இருக்கிறது, அதற்கு நேரமில்லை.

ஆபகூக் தீர்க்கதரிசியையும் விட்டுவிட்டேன். மூன்றாம் அதிகாரம், கடைசி மூன்று வசனம். வீட்டில் யாராவது உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.