ஒரே அறையில் நடக்கும் குறும்படம்: பதற்றமும் பரிவும் எங்கே பிறக்கின்றன?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “15 நிமிடக் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். கதை முழுவதும் ஒரே அறையில், ஒரே இரவில் நடக்கிறது. கடனை அடைக்கத் தன் பெயரில் இருந்த வீட்டை விற்றுவிட்ட மகன், அதை அம்மாவிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறான். வாங்கியவர் மறுநாள் காலையில் வரப்போகிறார். வீடு விற்கப்பட்ட செய்தியைப் பார்வையாளருக்கும் கடைசி நிமிடத்தில்தான் சொல்கிறேன். படித்தவர்கள், மேடை நாடகம் போல் இருக்கிறது, பாதியிலேயே சலித்துவிடுகிறது என்கிறார்கள். இடையிடையே வெளிக்காட்சிகளைச் சேர்க்கலாமா? ஒரே இடத்துக்குள் பதற்றத்தையும், பாத்திரங்கள் மீது பரிவையும் எப்படி உண்டாக்குவது?”

வெளிக்காட்சிகள் வேண்டாம். கடன் கொடுத்தவரையோ பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளையோ ஒரு முறை காட்டிவிட்டால், பார்ப்பவருக்கு மூச்சுவிட ஒரு சன்னல் திறந்துவிடுகிறது. மகனுக்கு அந்தச் சன்னல் இல்லை. அதுவரை அவனோடு சேர்ந்து அடைபட்டிருந்த பார்வையாளர் அந்த இடத்திலேயே அவனைப் பிரிந்துவிடுகிறார். பதற்றத்தை ஒரு வேலையாகவும் பரிவை வேறொரு வேலையாகவும் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். ஓரிடத்துக் கதையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் உறுதியான எண்ணம். இந்த மனிதரால் இந்த அறையை விட்டு ஏன் எழுந்து போக முடியவில்லை என்ற கேள்விக்கு நீங்கள் வைத்திருக்கும் பதிலே அந்த வேர். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருப்பதால் போக முடியவில்லை என்றால் பதற்றம் கிடைக்கும். பரிவைத் தனியாகத் தேட வேண்டியிருக்கும். கதவு திறந்தே இருந்தும் எதிரில் இருப்பவர் மீதுள்ள பாசத்தால் போக முடியவில்லை என்றால், அந்த ஒரே காரணம் நெஞ்சை இறுக்கவும் செய்கிறது, இளக்கவும் செய்கிறது. உங்கள் கதை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அப்படியானால் ஏன் சலிக்கிறது? செய்தியைக் கடைசி நிமிடம் வரை ஒளித்து வைத்திருப்பதால்தான். பதற்றப் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் சொன்ன விளக்கம் ஒன்று திரைக்கதை எழுதும் பலருக்கும் தெரிந்திருக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கையில் அடியில் இருந்த குண்டு திடீரென்று வெடித்தால், பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சிதான் கிடைக்கும். குண்டு இருப்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அதே சாதாரணப் பேச்சு 15 நிமிடப் பதற்றமாக மாறிவிடும். உங்கள் கதையில் வெடிகுண்டு எதுவும் இல்லை. ஆனால் 2-ஆம் நிமிடத்திலேயே, அம்மா அறைக்குள் வருவதற்கு முன்பு, மகன் தொலைபேசியில் “காலை 8 மணிக்குச் சாவி தந்துவிடுகிறேன்” என்று தாழ்ந்த குரலில் சொல்வதை நாம் கேட்டுவிட்டால் போதும். அதன்பின் அம்மா அந்த வீட்டைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு சிறு வார்த்தையும் நம்மைத் தைக்கும். உங்கள் பிரதியில் இப்போது சலிப்பூட்டும் வசனங்களே, ஓர் எழுத்துகூட மாறாமல், அப்போது தாங்க முடியாதவையாகிவிடும். இறுதித் திருப்பத்தை இழப்பது உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். எனினும் ஒரு கணத் திகைப்புக்காகப் பதின்மூன்று நிமிடத் தவிப்பை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, இருவரும் வெறுமனே உட்கார்ந்து பேசக் கூடாது. நாடகம் போல் இருக்கிறது என்று உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு உண்மையான காரணம் இதுவாக இருக்கலாம். கைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அந்த இரவு அம்மா சுவரில் ஓர் அலமாரி பொருத்த ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அளவு எடுக்க வேண்டும். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும்படி மகனிடம் கொடுக்கிறார். இனித் தனக்குச் சொந்தமில்லாத சுவரில் அவன் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அம்மா பென்சிலால் குறியிடுகிறார். இங்கே மகனின் குற்ற உணர்வை விளக்க ஒரு வசனமும் தேவைப்படாது. பொய்யை அவன் வாயால் சொல்லாமலே அவன் கை சொல்லிக்கொண்டிருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயரிட்டது இதைத்தான்: உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்பட்டு, காண்பவருக்கும் புலனாவது. மேலும், இந்தச் செயலால் அம்மாவுக்கு ஒரு விருப்பம் கிடைக்கிறது என்பது மிக முக்கியம். உங்கள் பிரதியில் அவர் ஏமாற்றப்படுவதற்காகவே படைக்கப்பட்டவர் போல் இருக்கிறார். அப்படிப்பட்டவர் மீது இரக்கம் வரலாம். அலமாரியின் உயரத்தைப் பற்றிப் பிடிவாதம் பிடிக்கிற, மகன் நாடாவைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று கடிந்துகொள்கிற ஒருவர் மீதுதான் பரிவு வரும்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் அகத்திணை மரபில் நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள், அதாவது பாட்டின் அடித்தளம். நிலத்தைக் கட்டிப்போட்டுவிட்ட ஒருவர், பொழுதையாவது ஓடவிட வேண்டும். 15 நிமிடப் படம் அறைக்குள்ளும் 15 நிமிடமாகவே, காலத் தாவல் இல்லாமல் நகரட்டும். ‘சிறிது நேரம் கழித்து’ என்று தாவுகிற ஒவ்வொரு வெட்டும் பார்வையாளரைச் சிறையிலிருந்து சற்று நேரம் வெளியே விட்டு, மறுபடி அடைப்பதற்குச் சமம்.

ஒளிப்பதிவில் உங்களுக்கு உதவக்கூடிய முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1957-இல் வெளியான ‘12 ஆங்ரி மென்’ படத்தின் பெரும்பகுதி, வழக்கு ஒன்றில் முடிவு சொல்ல வேண்டிய நடுவர்கள் (ஜூரி) கூடிப் பேசும் ஓர் அறைக்குள்தான் நடக்கிறது. இயக்குநர் சிட்னி லூமெட் அதன் முதல் மூன்றில் ஒரு பகுதியைக் கண்மட்டத்துக்கு மேலிருந்தும், நடுப்பகுதியைக் கண்மட்டத்திலும், கடைசிப் பகுதியைக் கண்மட்டத்துக்குக் கீழிருந்தும் படமாக்கினார். போகப் போக நீளமான குவியத் தொலைவு கொண்ட, பின்னணியை அருகே இழுத்துக் காட்டும் லென்ஸ்களுக்கு மாறினார். சுவர்கள் நெருங்கி வருவதாகவும், பின்னர் கூரையே இறங்கி வருவதாகவும் தோன்றியது அதனால்தான். இதை அப்படியே நகலெடுக்க முயல வேண்டாம். வீட்டின் சிறிய அறையில் நீள லென்ஸைப் போட்டால் பின்வாங்க இடமிருக்காது. அதன் கொள்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அறை மாறாது, அறையை நாம் பார்க்கும் விதம் மாறிக்கொண்டே வர வேண்டும். தொடக்க நிமிடங்களில் கதவு, சுவர், தொலைபேசி ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை வைட் ஷாட்களில் பதியவைத்துவிடுங்கள். பிறகு கதவை மெல்ல மெல்ல ஃப்ரேமிலிருந்து விலக்குங்கள். க்ளோஸ்-அப்பைச் சேமித்து வையுங்கள். அளவு நாடாவைப் பிடித்திருக்கும் மகனின் முகத்துக்குத்தான் முதல் க்ளோஸ்-அப் என்று முடிவுசெய்து, அதுவரை ஒன்றைக்கூடச் செலவிடாமல் இருந்து பாருங்கள்.

ஒலியைப் பெரும்பாலான புதியவர்கள் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். ஓரிடத்துக் கதையில் வெளியுலகம் உள்ளே வர ஒலியே வழி. ஸ்பெயின் இயக்குநர் ரொத்ரிகோ சொரோகோயென் 2017-இல் எடுத்த ‘மாத்ரே’ குறும்படத்தில், வீட்டில் இருக்கும் ஒரு தாய்க்கு, எங்கோ ஒரு கடற்கரையில் தனியாக நிற்கும் ஆறு வயது மகனிடமிருந்து அழைப்பு வருகிறது. அந்த மகனை நாம் பார்ப்பதில்லை; அவன் குரலையும், அதைக் கேட்கும் தாயின் முகத்தையும் கொண்டே எல்லாவற்றையும் உணர்கிறோம். குழந்தையைக் காட்டியிருந்தால் நாம் பார்த்திருப்பது ஓர் ஆபத்தை. காட்டாததால், அவரவர் அச்சத்துக்கு ஏற்ற ஆபத்தை அவரவரே படைத்துக்கொள்கிறோம். உங்கள் படத்திலும் தொலைபேசி இரண்டாம் முறை ஒலிக்கட்டும். அம்மா அதன் பக்கத்தில் இருக்கட்டும். அழைத்தவர் யாரென்று காட்டவே வேண்டாம். படப்பிடிப்பு நாளில், யாரும் பேசாமல் அசையாமல் இருக்க, அந்த அறையின் வெறும் நிசப்தத்தை ஒரு நிமிடமாவது பதிவு செய்துகொள்ளுங்கள். ரூம் டோன் எனப்படும் இந்த நிசப்தப் பதிவு இல்லாவிட்டால் எடிட்டிங்கில் மௌனங்கள் துண்டு துண்டாக ஒலிக்கும். இந்தப் படம் நிற்பதோ மௌனங்களின் மேல்.

இறுதிக் காட்சியில் செய்தியைக் கேட்டதும் அம்மா கதறி அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக, மகன் சொல்லி முடித்ததும் அவர் எதுவும் பேசாமல் நாடாவைச் சுருட்டி வைக்கிறார் என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள். பிறகு சுவரிலிருக்கும் பென்சில் குறியை விரலால் அழிக்க முயல்கிறாரா, அப்படியே விட்டுவிடுகிறாரா என்பதை, நடிக்கப்போகிற அம்மையாரோடு அந்த அறையிலேயே ஒத்திகை பார்த்துத் தீர்மானியுங்கள். லூமெட் தன் படத்தை முடிக்கையில் வெளியே வந்து, அகன்ற லென்ஸில் நம்மை மூச்சுவிட வைத்தார். உங்கள் கதையின் அம்மாவுக்கும் மகனுக்கும் அந்த விடுதலை இன்னும் கிடைக்கவில்லை. ஆதலால் கேமராவும் அறையிலேயே இருக்கட்டும். காலை 8 மணி வருவதற்கு முன்பே படத்தை நிறுத்திவிடுங்கள்.